ஒரு வருஷத்து அமானத்து

எனக்கு இந்தி தெரியும் என்ற விஷயம் புதுப்பட்டினத்தில் எப்படியோ பரவிவிட்டது. ஜபல்பூரில் நர்ஸாக இருந்தபோது நோயாளிக் கிழவிகளிடம் வசவு வாங்கி வாங்கியே கற்றுக்கொண்ட இந்தி அது. அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கல்பாக்கத்துக்குக் கட்டட வேலைக்கு வந்த வடக்கத்தியானுக்கு வயிற்றுவலி என்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள், அவன் கடைக்காரனோடு சண்டை போட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "மார்கரெட் சிஸ்டர், இவன் இன்னா சொல்றான்னு கொஞ்சம் கேளேன்" என்று நடுத்தெருவில் நிறுத்துவார்கள். டூட்டி முடிந்து கால் கடுக்க வருகிறவளுக்கு எரிச்சல் வராதா? வரும். ஆனாலும் போவேன். யார் சொன்னதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் நம் வேலை என்று நினைத்திருந்தேன்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் தபால்காரர் ஒரு தந்தியோடு என் வாசலில் வந்து நின்றார். தந்தி எனக்கு இல்லை. கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த கிஃபாயத்துல்லா பாய்க்கு. எழுத்து ஆங்கிலம், பேச்சு இந்தி, அதனால் படிக்கத் தெரியவில்லை என்று என்னிடம் கொண்டுவந்திருந்தார்.

பாயின் மருமகன் கியாசுதீன் முந்தைய நாள்தான் கடலோடு போயிருந்தான். அவன் புர்ஹான்பூர்க்காரன். மத்தியப் பிரதேசத்தில், கடலைக் கண்ணாலும் பார்த்திராத ஊர். வெல்டர் வேலைக்கு வந்தவன், பாய் கடைக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கினான். தங்கியவன் பாயின் மகள் ஜஹனாராவையே நிக்காஹ் செய்துகொண்டான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு எதிரே குளிக்க இறங்கியிருக்கிறான். ஊர் ஆற்றில் நீந்தியவனுக்குக் கடலும் தண்ணீர்தானே என்ற நினைப்பு. மறுநாள் காலையில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே மீன்காரர்கள் அவனைக் கரையில் கண்டெடுத்தார்கள். உடல் கிடைத்ததுமே அவனுடைய அம்மாவுக்குத் தந்தி போயிருந்தது. இது அதற்குப் பதில்.

'அமானத் தஃபன் கரோ. ஏக் சால்.'

அடக்கம் செய்யுங்கள் என்பது புரிந்தது. ஒரு வருஷம் என்பதும் புரிந்தது. அமானத் என்றால் எனக்குத் தெரிந்தது ஜபல்பூர் ஸ்டேஷனில் தொங்கிய போர்டு ஒன்றுதான். பயணிகள் மூட்டை முடிச்சைக் கொடுத்து, சீட்டு வாங்கிக்கொண்டு, ஊர் சுற்றிவிட்டு வந்து திரும்ப எடுத்துக்கொள்ளும் அறை. அமானதி சாமான் கர் என்று எழுதியிருப்பார்கள். செத்தவனை அப்படி எப்படி வைப்பது? தந்தியை எடுத்துக்கொண்டு நேராகச் சாவு வீட்டுக்கே போனேன்.

பள்ளிவாசல் இமாம் பஷீருதீன் ஹஜ்ரத் அங்கே இருந்தார். காயல்பட்டினத்தில் ஓதியவர். அரபு தண்ணீர் பட்ட பாடு, உருது மட்டும் வராது. நான் படித்துக் காட்டியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. "வடக்க அப்படி ஒரு வழக்கம் கீதுன்னு கேள்விப்பட்டிருக்கேன் சிஸ்டர். வெளியூர்ல மவுத்தானவங்கள உடனே கொண்டுபோக முடியலன்னா, கபர்ல வெக்கும்போது மண்ணுகிட்ட சொல்வாங்களாம். இது உன்கிட்ட அமானத்து, இத்தினி காலத்துக்குன்னு. தவணை முடியிற வரைக்கும் மண்ணு மய்யித்தைத் தொடாதாம். தோண்டி எடுத்தா வெச்சது வெச்சபடி இருக்குமாம்."

"நெசமா ஹஜ்ரத்?"

"கிதாபுல நான் படிச்சதில்ல. நம்புறவங்க இருக்காங்க" என்றார்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஜஹனாரா அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் தந்தியைப் பாய் கையில் கொடுத்துவிட்டு டூட்டிக்குப் போய்விட்டேன். சாயங்காலத்துக்குள் அடக்கம் ஆயிற்று. அந்த அம்மா கேட்டபடி ஒரு வருஷத்துக்கு அமானத்தாக வைத்தார்கள் என்றுதான் ஊர் நினைத்தது. நானும் நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ள ஹஜ்ரத் வந்தார். அந்த வார்த்தை எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்ததால் கேட்டுவிட்டேன். ஊசிக்குப் பயந்த மனுஷர், பேச்சு கிடைத்த சந்தோஷத்தில் கையை நீட்டிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். அலிஃப், மீம், நூன், இந்த மூன்று எழுத்துதான் வேராம். அந்த வேருக்கு நம்பிக்கை, பத்திரம், பயமில்லாமை என்று பொருளாம். அதில்தான் ஈமான் வருகிறது, ஆமீன் வருகிறது, அமானத்து வருகிறது.

"உங்க கோயில்ல சொல்ற ஆமென் கீதே, அதுவும் இந்தக் குடும்பம்தான் சிஸ்டர். எபிரேயமும் அரபும் பங்காளிங்க."

"அப்ப நாங்க பேச்சுக்குப் பேச்சு சொல்ற ஆமா?"

"அது தமிழோட வூட்டுச் சொத்து. அதுக்குப் பங்கு கேட்டு நாங்க வரல" என்று சிரித்தார். "கோர்ட்டு அமீனா கூட இதான். அமீன்னா நம்பிக்கையானவர்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் சேரியில் ஒரு அமீனா வந்து இறங்கியதும், என் அம்மா தண்ணீர் பிடித்து வைத்திருந்த அண்டாவைத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனதும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. "நம்பிக்கையானவர்தான் எங்கம்மா அண்டாவைத் தூக்கினு போனாரா?" என்று கேட்டேன்.

"வார்த்தை நல்ல வார்த்தைதான். கச்சேரி வேலைக்குப் போய்க் கெட்டுப்போச்சி" என்றார் ஹஜ்ரத். எங்கள் தாத்தா கூலிக்குப் போன அமானி நிலமும் அதிலிருந்துதான் என்றார். குத்தகைக்கு விடாமல் சர்க்காரே தன் பொறுப்பில் வைத்துப் பார்த்த நிலம். பினாங்கில் இருக்கும் தம்பி சொன்னதாக இன்னொன்றும் சொன்னார். அங்கே மலாய்க்காரர்கள் சாகப்போகிறவர் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போகும் பேச்சை அமானத் என்பார்களாம். "அதுவும் ஒப்படைக்கிறதுதானே" என்றவர், சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டார். கியாசுதீன் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, பஞ்சை வைத்து அழுத்தினேன்.

மறு வருஷம் ஆடி பிறப்பதற்கு முன்பே அந்த அம்மா புறப்பட்டு வருவதாகத் தகவல் வந்தது. கிஃபாயத்துல்லா பாய் என்னை வந்து கூப்பிட்டார். "செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு நீங்களும் வாங்க சிஸ்டர். நாங்க ஒருத்தரும் அவங்க முகத்தப் பாத்ததில்ல. நிக்காஹுக்குக்கூட வர முடியல. பொம்பளைக்குப் பொம்பளை நீங்க பேசுனாதான் சரிப்படும்." லீவு போட்டுவிட்டுப் போனேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பஸ்ஸில் அவர் மெல்ல வாயைத் திறந்தார்.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அமானத்துன்னு சொல்லல."

"இன்னா பாய் சொல்றீங்க?"

"பொண்ணு வேணாம்னுட்சி. ஹஜ்ரத் வாசப்படில வந்து நின்னு கேட்டாரு, இன்னாமா செய்யட்டும், உன் மாமியார் இப்படிக் கேக்கறாங்களேன்னு. உள்ள இருந்துகினே சொல்லாதீங்கன்னுட்சி. புருஷனப் பறிகொடுத்துட்டு நிக்கிறவ பேச்ச எப்படித் தட்டறது? அவரும் சொல்லல. எப்பவும் போல அடக்கம் பண்ணிட்டோம்."

"அப்ப இந்தம்மா எத எடுத்துகினு போவ வருது?"

"கேட்டா, சொல்லித்தான் வெச்சோம்னு சொல்லிடுங்க. தோண்டி, இருக்கிறத எடுத்துகினு போவட்டும். ஜஹனாராவுக்கு மதுராந்தகத்துல ஒரு எடம் பேசிக்கீறேன். நல்ல குடும்பம். இது இன்னாடான்னா வெள்ளிக்கெழம ஆனா கபர்ஸ்தான் மதிலாண்ட போய் நின்னுகினு கீது. கபர் இங்க இல்லன்னா மனசு மாறும் சிஸ்டர்."

"இருக்கிறதன்னா இன்னா இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? நான் நர்ஸு, எனக்குத் தெரியும். கடல்ல ஒரு ராத்திரி கெடந்த உடம்பு. அத பெத்தவ கண்ணால பாக்கணுமா?" பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரிதான் கத்தினேன். பாய் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். பெண்ணைப் பெற்ற மனுஷனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? என் வாயால் பொய் சொல்ல மாட்டேன், கேட்காமல் நானாக எதையும் கிளப்பவும் மாட்டேன் என்று மட்டும் சொல்லிவைத்தேன். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

கியாசுதீனின் அம்மா அக்தர் பேகம் சின்ன உருவம். முகத்திரையைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் பையும் ஒரு கையில் தகர டப்பாவுமாக இறங்கினார். கூட வர ஆண்பிள்ளை இல்லாத வீடாம். இடார்சியில் வண்டி மாறி, மெட்ராஸில் வண்டி மாறி, தனியாக வந்திருந்தார். பார்சல் வண்டியிலிருந்து ஒரு நீளப் பெட்டியை இறக்கினார்கள். பழைய பலகை, உள்ளே தகரம் அடித்திருந்தது. கியாசுதீன் சின்ன வயதில் படுத்த கட்டிலைப் பிரித்துச் செய்ததாம்.

பார்சல் கிளார்க் விரலால் தட்டிப் பார்த்தார். மூடியைத் திறக்கச் சொன்னார். எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, காலியா கீது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்துபோயிற்று. ஊர் விட்டு ஊர் வந்தவள் தெரிந்தவளைச் சந்தையில் பார்த்த மாதிரி, "காலி! ஹான், காலி!" என்றார். என் பக்கம் திரும்பி, "இது எங்கள் வார்த்தை அல்லவா? உங்கள் ஊரிலும் காலி என்றுதான் சொல்வீர்களா?" என்று கேட்டார். பிறகு கிளார்க்கைப் பார்த்து, இப்போதைக்குத்தான் காலி என்று இந்தியில் சொன்னார். கிளார்க்குக்கு அது புரியவில்லை. நான் சொல்லவும் இல்லை.

பெட்டியைப் பஸ் கூரையில் கட்டினோம். வழி முழுக்க அந்த அம்மா காதைத் தீட்டிக்கொண்டே வந்தார். கண்டக்டர் "ஜல்தி ஏறும்மா" என்றால் என் தொடையைத் தட்டுவார். பின்சீட்டில் யாரோ "ஒரே பேஜாரா போச்சி" என்றால் சிரிப்பார். பஜார், பாக்கி, நாஸ்தா என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே வந்தார். "என் மகன் இங்கே தனியாக இருக்கவில்லை. அவன் பேச்சு அவனுக்கு முன்பே இங்கே வந்துவிட்டிருக்கிறது" என்றார். எனக்கு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த அம்மா கொஞ்சம் கடுகடுப்பாக, மருமகளை நாலு வார்த்தை திட்டுகிறவளாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

வீட்டில் கூடத்துப் பாயில் உட்கார்ந்தோம். ஹஜ்ரத் வாசல் பக்கம் முக்காலியில் இருந்தார், பாய் கதவோரம் நின்றார். ஜஹனாரா உள்ளேயிருந்து வந்து குனிந்ததும் அந்த அம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தகர டப்பாவைத் திறந்தார். மாவா ஜிலேபி, பால்கோவாவில் செய்வது. இவளுக்கு எங்கள் ஊர் ஜிலேபி கொண்டுவா என்று கியாசுதீன் எப்போதோ எழுதியிருந்தானாம். மூன்று நாள் வண்டியில் வந்ததில் அது புளித்துப் போயிருந்தது. வாடை எனக்கே அடித்தது. ஜஹனாரா முகம் சுளிக்காமல் அதை எடுத்துத் தின்றாள்.

"சொல்லு மகளே, எல்லோருக்கும் சொல்லு" என்று அந்த அம்மா என்னிடம் பேச ஆரம்பித்தார். அவருடைய புருஷன் வெளியூரில் வேலை பார்த்த இடத்தில் இறந்தவராம். அமானத்தாக வைத்து, மழை முடிந்து கொண்டுவந்தார்களாம். முகம் தூங்குகிற முகமாகவே இருந்ததாம். அவர் பக்கத்திலேயே மகனுக்கு இடம் எடுத்து வைத்திருக்கிறாராம், அதற்கும் பக்கத்தில் தனக்கு. நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

கடைசியில் கேட்டார்: "என் மகனை மண்ணிடம் அமானத் என்று ஒப்படைத்தது யார்? ஹஜ்ரத்தா? அவர் கையை நான் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்."

நான் அதையும் தமிழில் சொன்னேன். ஹஜ்ரத் தலையைக் குனிந்துகொண்டார். பாய் என்னைப் பார்த்து அவசரமாக, "ஹஜ்ரத்துதான்னு சொல்லுங்க சிஸ்டர்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஜஹனாராதான் பேசினாள். என்னிடம் இல்லை, நேராக அந்த அம்மாவிடமே.

"அமானத்து சொல்லல மாமி."

சொல்லிவிட்டு இல்லை என்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அதில் ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அந்த அம்மாவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கியதை நான் பார்த்தேன். தமிழ்நாட்டுக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் நடுவே பாலம் கட்ட என்னைக் கூட்டிவந்தார்களே, நான் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"நஹீன்?" என்றார் அந்த அம்மா.

"இல்ல" என்றாள் இவள்.

பிறகுதான் என் பக்கம் திரும்பினார். ஏன் என்று மட்டும் கேட்டார்.

ஜஹனாரா சொன்னாள். "அமானத்துன்னு சொல்லிட்டா திருப்பித் தரணும். எனக்குத் தர மனசு இல்ல. மனசுல ஒண்ண வெச்சுகினு, மண்ணுகிட்ட வேற சொல்லச் சொல்லலாமாக்கா? அது கெட்ட பாவம் இல்லியா? எனக்குன்னு அவரு தவிர ஒண்ணும் இல்ல. அவர ஒரு வருஷம் கழிச்சு எடுத்துகினு போவாங்கன்னா நான் இன்னா செய்வேன்? அதான் சொல்ல வேணாம்னேன். மாமி என்ன அடிச்சாலும் வாங்கிக்கிறேன்னு சொல்லுங்க."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அந்த அம்மா அடிக்கவில்லை. ஜிலேபி டப்பாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார். "இந்த ஒரு வருஷமும் அவன் தூங்குகிறான் என்றுதான் நினைத்திருந்தேன். தூங்குகிற பிள்ளைக்கு யாராவது அழுவார்களா? நான் அழவில்லை. அக்கம்பக்கத்தில் கல் நெஞ்சுக்காரி என்றார்கள். என் மகன் இன்றைக்குத்தான் செத்திருக்கிறான்."

இதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. என் பிழைப்பிலேயே நான் சொன்ன கொடுமையான வாக்கியம் அதுதான். சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "கியாசூ, அரே மேரே கியாசூ" என்று அலற ஆரம்பித்துவிட்டார். ஜஹனாரா போய்க் கட்டிக்கொண்டாள். முதல் நாள் அழாத பெண் அன்றைக்கு அழுதாள். தெருப் பெண்கள் ஓடி வந்தார்கள். ஒரு வருஷத்துக்கு முன் நடந்த சாவுக்கு அந்த வீடு அப்போதுதான் சாவு வீடாயிற்று.

வெகுநேரம் கழித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அந்த அம்மா மருமகளின் தலையில் கையை வைத்தார். "நீ செய்தது சரி. தராமல் இருக்கப்போகிறவள் அமானத் என்று சொல்லக் கூடாது. அவன் உன்னிடமே இருக்கட்டும். நீ பக்கத்தில் இருக்கிறாயே, எனக்கு அது போதும்."

நான் இதைச் சொன்னதும் ஜஹனாரா ஆடிப்போனாள். பாயைப் பார்த்தாள். பாய் வேறு பக்கம் பார்த்தார். இந்தப் பெண் கொஞ்சம் பொய் சொல்லத் தெரிந்தவளாக இருந்திருக்கலாம். அன்றைக்கு எல்லோரும் கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம்.

"நான் இங்க இருக்கப்போறதில்லன்னு சொல்லுங்கக்கா. அத்தா மதுராந்தகத்துல எடம் பாத்துட்டாரு. அத்தாவுக்கு நெஞ்சு வலி. என்னால தட்ட முடியல."

சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை. உன் வயசு என்ன ஆகிவிட்டது, வாழ வேண்டியவள்தானே என்றார். ஆனால் கை தலையிலிருந்து இறங்கிவிட்டது. "அப்படியென்றால் அவனுக்கு யார்?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

ஜஹனாரா திடீரென்று அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "எடுத்துகினு போங்க மாமி. நான் தந்துடறேன். ஹஜ்ரத், தோண்டச் சொல்லுங்க. நான் தந்துடறேன்." பித்துப்பிடித்தவள் போல அதையே சொன்னாள்.

ஹஜ்ரத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படிச் செய்ய வழியில்லை என்றார். நான் அதை இந்தியில் சொல்வதற்கு முன்பே அந்த அம்மா அவளைத் தூக்கி நிறுத்தியிருந்தார். "சொல்லாமல் கொடுத்தது கொடுத்ததுதான், மகளே. மண்ணிடம் போய் நான் எந்த முகத்தோடு கேட்பேன்? அதுவும் தன் வேலையைச் செய்து முடித்திருக்குமே."

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கபர்ஸ்தானுக்குப் போனோம். பெண்கள் உள்ளே போகிற வழக்கம் அங்கே இல்லை. இரண்டு பேரும் மதிலுக்கு வெளியே நின்றார்கள், அவர்களோடு நானும். கடல் காற்றில் முகத்திரை பறந்துகொண்டே இருந்தது. மகனுக்கென்று பையில் கொண்டுவந்திருந்த கற்பூரத்தையும் வெள்ளைத் துணியையும் அந்த அம்மா ஹஜ்ரத்திடம் கொடுத்து, இந்த ஊரில் ஏழைப்பட்டவர் யாராவது மவுத்தானால் உபயோகப்படுத்தச் சொன்னார். அத்தர் குப்பியை மட்டும் கபர் மேல் ஊற்றச் சொன்னார். ஹஜ்ரத் உள்ளே போய் ஊற்றிவிட்டு, கையை ஏந்தி துஆ ஓதினார். மதிலுக்கு இந்தப் பக்கம் மாமியார் "ஆமீன்" என்றார். மருமகள் "ஆமீன்" என்றாள். என் வாயிலிருந்து பழக்கதோஷத்தில் "ஆமென்" என்று வந்துவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அந்த அம்மா கிளம்பிவிட்டார். பெட்டியை இங்கேயே விட்டுவிடுங்கள் என்று பாய் கேட்டுப் பார்த்தார். முடியாது, அது அவன் கட்டில் என்றார். ஜஹனாரா பஸ் வரைக்கும் வந்தாள். இரண்டு பேரும் என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. வழியில் கண்டக்டர் ஜல்தி என்றார், யாரோ பேஜார் என்றார்கள். அந்த அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு செங்கல்பட்டு வரைக்கும் கண்ணை மூடியபடியே வந்தார்.

ஸ்டேஷனில் அதே பார்சல் கிளார்க். பெட்டியைத் தராசில் ஏற்றச் சொல்லிவிட்டு மூடியைத் தூக்கிப் பார்த்தார். முந்தைய நாள் அவரே இறக்கிவிட்ட பெட்டி, மறந்திருக்க முடியாது. "இன்னாமா இது? வரும்போதும் காலி, போம்போதும் காலியா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. தெரியாமல்தான் கேட்டார். ஆனாலும் அவரை அப்படியே கடித்துக் குதற வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

அந்த அம்மா என் கையை அழுத்தினார். சொல்ல வேண்டாம், புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

"காலி" என்றார் கிளார்க்கிடம். மூடியை அவரே மூடினார்.

கிளார்க் சீட்டை எழுதி, பசை தடவி, பெட்டி மேல் ஒட்டினார்.